அங்கே அண்ணாச்சி கடை இல்லை பாஸ்!

பாஸ்போர்ட் ரெடி. விசா ரெடி. பேங்க் லோன் ரெடி. ஏர்போர்ட் வரைக்கும் வந்து வழியனுப்ப சொந்தக்காரங்க வேன் கூட ரெடி. எல்லாம் சரி பாஸ், அங்கே போய் இறங்கின மறுநாள் காலையில என்ன சாப்பிடப் போறீங்க?

சிரிக்காதீங்க. படிக்கவும் வேலைக்கும் வெளிநாடு போகிற நம்ம ஊர்ப் பசங்களையும் பொண்ணுங்களையும் முதல் மாதத்தில் திணறடிப்பது பாடமும் பாஷையும் குளிரும் மட்டும் இல்லை. மளிகைக் கடையும்தான்! அரிசி, மாவு, பால், தயிர் எல்லாம் நமக்குப் பேர் தெரிந்த சாமான்கள்தான். ஆனால், அந்த ஊர் அலமாரியில் அவை வேறு வேஷத்தில் உட்கார்ந்திருக்கும்.

நம்ம வடமதுரையையே எடுத்துக்குங்க. கடை வாசலில் நின்று, 'அண்ணாச்சி, இட்லி அரிசி ரெண்டு கிலோ, உளுந்து அரைக் கிலோ' என்றால் போதும். எந்த ரகம், போன தடவை அம்மா எதை வாங்கினாங்க என்பதெல்லாம் அவருக்கே அத்துப்படி. சோத்துக்குப் பொன்னி, பிரியாணிக்குச் சீரக சம்பா என்று திண்டுக்கல் ஜில்லா பிள்ளைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தக்காளிக்கு அய்யலூர், மற்ற காய்க்கு ஒட்டன்சத்திரம், ஆட்டுக்கு அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தை, வாழைப்பழத்துக்குச் சிறுமலை. முருங்கைக் கீரையா? பக்கத்து வீட்டுச் சுவர் மேலேயே தொங்குது.

யோசிச்சுப் பாருங்க. இங்கே நம்ம சாப்பாட்டை நாம தேர்ந்தெடுக்கிறதே இல்லை. அம்மாவும் அண்ணாச்சியும் சந்தையும் சேர்ந்து, ஊரே நமக்காகத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறது. விமானம் ஏறினதும் அந்த ஊர் அறிவு மொத்தமும் கீழே நின்றுவிடுகிறது. அங்கே அதை நீங்க ஒத்தை ஆளா முதல்லேருந்து கத்துக்கணும். இதுதான் விஷயம்.

பெட்டியில் என்ன ஏறும்?

முதல்ல எல்லோரும் செய்கிற வேலை, ஊரையே பெட்டியில் கட்டுவது. ஒரு சின்னக் கணக்கு போடுங்க. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இருநூறு கிராம் அரிசி என்று வைத்தால், அஞ்சு கிலோ மூட்டை இருபத்தஞ்சு நாளில் காலி. படிப்பு ரெண்டு வருஷம்! அதனால பெட்டி என்பது முதல் மாசத்துக்கான தெம்பு மட்டும்தான்.

அதிலும் எல்லாத்தையும் கொண்டுபோக முடியாது. ஐரோப்பிய யூனியன் நாடுகளுக்குள் இந்தியாவில் இருந்து போகிற பயணிகள் இறைச்சியோ பால் பொருளோ கொண்டுபோகத் தடை. பாட்டி உருக்கிக் கொடுத்த நெய், பால்கோவா, ஆட்டுக்கறி ஊறுகாய் எல்லாம் இதில் அடங்கும். 2019 டிசம்பரில் இருந்து பச்சைக் காய், பழங்களுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டுரியன் ஆகிய அஞ்சுக்கு மட்டும் விலக்கு. அதாவது, சிறுமலைப் பழத்துக்கு அனுமதி உண்டு. நெய்க்குக் கிடையாது!

அமெரிக்காவுக்குப் பச்சைக் கறிவேப்பிலை கொண்டுபோகக் கூடாது. கறிவேப்பிலைச் செடியில் வாழும் ஒரு பூச்சி, அங்குள்ள ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களுக்கு நோய் பரப்பும் என்பதால் இந்தத் தடை. ஆஸ்திரேலியாவில் எந்தச் சாப்பாட்டுப் பொருளாக இருந்தாலும் இறங்கும்போது எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

இதெல்லாத்தையும் விட முக்கியமானது கசகசா. குருமாவுக்கு அரைத்து ஊற்றுகிறோமே, அதேதான். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அது போதைப் பொருள் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்ட சாமான். வளைகுடாவுக்கு வேலைக்குக் கிளம்புகிற அண்ணன்மார்களுக்கு யாராவது மசாலாப் பொடி அரைத்துக் கொடுத்தால், 'இதுல கசகசா போட்டீங்களா அத்தை?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கொப்பரைத் தேங்காயும் வேண்டாம். அதில் இருக்கிற எண்ணெயால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடிய பொருள் என்று விமானச் சரக்கு விதிகள் அதைச் சேர்த்து வைத்திருக்கின்றன.

பச்சை பாக்கெட் ஏமாற்றும்!

சரி, இறங்கியாச்சு. சூப்பர் மார்க்கெட்டுக்குள்ள நுழைஞ்சாச்சு. முதல்ல டீ போடப் பால் வேணும்.

ஆவினில் நீலம் என்றால் 3 சதவீதக் கொழுப்பு, பச்சை 4.5, ஆரஞ்சு 6 என்பது நமக்குப் பழகின கணக்கு. டீக்குப் பச்சை பாக்கெட் வாங்கிப் பழகினவர், இங்கிலாந்திலும் கை போன போக்கில் பச்சை மூடி பாட்டிலை எடுப்பார். அங்கே பச்சை என்றால் பாதிக் கொழுப்பு எடுத்த பால், சுமார் 1.7 சதவீதம்தான். சிவப்பு மூடியில் கொழுப்பு அநேகமாக இல்லவே இல்லை. நீல மூடிதான் முழுப் பால். அதுவே மூன்றரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலேதான். டீ தண்ணியா இருக்கேன்னு டீத்தூளைத் திட்டி என்ன பிரயோஜனம்? கலர் மாறிப் போச்சு!

ஜெர்மனியில் 'ஹா மில்ஷ்' என்று ஒரு பால் ஃபிரிட்ஜுக்கு வெளியே அடுக்கி வைத்திருப்பார்கள். ரொம்ப அதிகச் சூட்டில் சில நொடிகள் காய்ச்சிக் காற்றுப் புகாமல் அடைத்த பால் அது. பிரிக்காத வரைக்கும் மாசக்கணக்கில் இருக்கும். ரூமில் குட்டி ஃபிரிட்ஜ் மட்டும் வைத்திருக்கிற ஸ்டூடண்ட்டுக்கு வசதிதான். ஆனால், பிரித்தபிறகு சாதாரணப் பால் மாதிரியே ஃபிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்க்கணும்.

தயிருக்கு வருவோம். யோகர்ட் என்று எழுதியிருந்தாலே தயிர்னு நம்பிடாதீங்க. வெனிலா யோகர்ட்டில் தயிர்சாதம் பிசைந்தால் அது பாயசத்துக்கும் சேராது, சாதத்துக்கும் சேராது. 'பிளெய்ன்' அல்லது 'நேச்சுரல்' என்று இருக்கணும், பொருள் பட்டியலில் சர்க்கரை இருக்கக் கூடாது. ஜெர்மனியில் 'மில்ட்' என்று போட்டிருந்தால் புளிப்பு குறைவான கிருமியால் உறைந்தது, நம்ம நாக்குக்குச் சப்பென்று இருக்கும். கிரீக் யோகர்ட் என்பது தண்ணீரை வடித்துக் கெட்டியாக்கியது. தண்ணியும் உப்பும் கலந்தால் அருமையான மோர் ரெடி. ஒரு டப்பா நல்ல பிளெய்ன் தயிர் வாங்கி அதில் இருந்தே உறை ஊற்றிக்கொண்டால், அப்புறம் பால் மட்டும் வாங்கினால் போதும்.

அரிசி, மாவு: நம்பரைப் படிங்க!

அரிசியில் ஒரு பொறி இருக்கு. ஜெர்மன் கடையில் மலிவாக 'மில்ஷ்ரைஸ்' என்று கிடைக்கும். பால் விட்டுக் குழைய வேகவைத்துச் சாப்பிடுகிற குண்டு அரிசி. சாம்பாருக்கு வடித்தால் களியாகிவிடும். 'பார்பாய்ல்ட்' என்று போட்ட நீள அரிசியைத் தேடுங்க. அது நம்ம புழுங்கல் அரிசியின் ஒன்றுவிட்ட தம்பி. நெல்லாக இருக்கும்போதே அவித்துக் காயவைப்பதால் தவிட்டில் இருக்கிற பி வைட்டமின் அரிசிக்குள் இறங்கியிருக்கும். பொன்னி ருசி வராதுதான். ஆனால், குழம்பைத் தாங்கும்.

மாவு இன்னும் வேடிக்கை. இங்கிலாந்தில் 'செல்ஃப் ரைசிங்' என்று போட்ட பாக்கெட்டில் சப்பாத்தி போட்டால் பிஸ்கட் மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும். ஏன்னா, அதில் பேக்கிங் பவுடரை முன்னாடியே கலந்து வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் மாவு பாக்கெட்டில் 405, 550, 1050 என்று நம்பர் இருக்கும். விலைன்னு நினைச்சுப் பயப்படாதீங்க. நூறு கிராம் மாவை எரித்தால் எத்தனை மில்லிகிராம் சாம்பல் மிஞ்சும் என்பதன் கணக்கு அது. நம்பர் ஏற ஏற தவிடு அதிகம். 405 நம்ம மைதா மாதிரி. சப்பாத்திக்கு 1050 பரவாயில்லை. 'ஃபோல்கோர்ன்' என்றால் முழுக் கோதுமை.

உப்புமா பார்ட்டிகளுக்கு ஒரு நல்ல சேதி. 'கிரீஸ்' என்ற பெயரில் ரவை எந்த ஜெர்மன் சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும். ஹாஸ்டலில் இருந்து தப்பித்து ஓடினாலும் உப்புமா விடாது போல!

பருப்பில் சிவப்பு மைசூர்ப் பருப்புதான் நண்பன். ஊறவைக்காமலே கால் மணி, இருபது நிமிஷத்தில் வெந்துவிடும், குக்கரும் தேவையில்லை. துவரம் பருப்பு பிடிவாதம் பிடிக்கும். லண்டன் மாதிரி சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள கடினத் தண்ணீரில் இன்னும் லேட். ராத்திரியே ஊறப் போட்டுட்டுத் தூங்குங்க.

'மாவு பொங்கலேம்மா!'

வெளிநாட்டுல இருந்து வீட்டுக்கு வருகிற போன்களில் அடிக்கடி அடிபடுகிற டயலாக் இது. 'ஏப்பா, தண்ணி ஜாஸ்தி ஊத்திட்டியா? உப்பு போட்டியா?' என்று அம்மா இங்கிருந்து கேட்பார். தப்பு தண்ணியிலும் இல்லை, உப்பிலும் இல்லை. ஊர் வெப்பத்தில்!

உளுந்திலும் அரிசியிலும் இயற்கையாகவே ஒட்டியிருக்கிற 'லூக்கோநாஸ்டாக்' போன்ற நுண்ணுயிர்கள்தான் மாவைப் பொங்க வைக்கின்றன. 30 டிகிரி பக்கம் இருந்தால் அவங்களுக்குக் குஷி. வடமதுரையில் ராத்திரி மாவைச் சும்மா திண்ணையில் வைத்தாலே காலையில் பாத்திரத்தைத் தாண்டி வழியும். ஐரோப்பாவில் ரூமுக்குள் 18, 20 டிகிரி. நுண்ணுயிரும் போர்த்திக்கொண்டு தூங்குகிறது. வழி என்ன? மின் அடுப்பு அவனை ஆன் செய்யாமல், உள்ளே இருக்கிற விளக்கை மட்டும் எரியவிட்டு மாவை வையுங்க. அந்த விளக்கின் வெதுவெதுப்பு போதும். நேரத்தையும் பன்னிரண்டு மணியில் இருந்து பதினாறு, பதினெட்டு வரை நீட்டணும்.

இன்னொன்று. ஹாஸ்டல் கிச்சனில் வத்தல் மிளகாயைத் தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்க. நம்ம தாளிப்பு வாசம் அங்கே புகை அலாரத்துக்கு எமன். ஒரு ரசத்துக்காக மொத்த பில்டிங்கும் குளிரில் வெளியே வந்து நிற்கணுமா?

ரெண்டு பேர், ரெண்டு கதை

இது இன்னைக்கு நேத்து வந்த பிரச்னை இல்லை. 1888-ல் பதினெட்டு வயசுக் காந்தி சட்டம் படிக்க லண்டன் போனார். சைவம். முதல் கொஞ்ச நாள் அரைப் பட்டினி. நடந்து நடந்து தேடி, ஃபேரிங்டன் தெருவில் ஒரு சைவ ஓட்டலைக் கண்டுபிடித்தார். அதைவிட முக்கியம், அப்புறம் அவர் செய்தது. வீட்டில் இருந்து வரவழைத்த இனிப்புகளையும் மசாலாக்களையும் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிட்டு, அந்த ஊரிலேயே கிடைத்த ஓட்ஸையும் கோக்கோவையும் ரூமிலேயே தயார் செய்துகொண்டார். செலவும் குறைந்தது. சைவ விரதத்தை விடவில்லை. ஆனால் அலமாரியை மாற்றிக்கொண்டார்.

இன்னொருத்தர் நம்ம கும்பகோணத்துக் கணித மேதை ராமானுஜன். 1914 ஏப்ரலில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். அவரும் கண்டிப்பான சைவம். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி காலேஜ் அறையில் தானே சமைத்துச் சாப்பிட்டார். போன நாலே மாதத்தில் முதல் உலகப் போர் வெடித்தது. சரக்குக் கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. 1918-ல் இங்கிலாந்தில் சர்க்கரை, வெண்ணெய், இறைச்சிக்கு ரேஷன் வந்தது. 1917-லேயே ராமானுஜன் படுக்கையில் விழுந்துவிட்டார். சானடோரியம் மாற்றி சானடோரியம். 1919-ல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ல் சென்னையில் காலமானார். வயசு 32.

சாப்பாடுதான் அவரைக் கொன்றது என்று சொல்ல முடியாது. அப்போது காசநோய் என்று வைத்தியம் பார்த்தார்கள். 1994-ல் டி.ஏ.பி.யங் என்ற ஆய்வாளர், ஈரலைத் தாக்கிய அமீபாத் தொற்றாக இருக்கலாம் என்று எழுதினார். ஆனால், வேளாவேளைக்குச் சாப்பிடாமல், போர்க்காலத்தில் கிடைத்த கொஞ்சத்தை வைத்துத் தனியாகச் சமாளித்தது அந்த உடம்புக்கு உதவியிருக்காது. காந்திக்கு ஓட்டல் இருந்தது, நண்பர்கள் இருந்தார்கள், போர் இல்லை. ராமானுஜனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இன்னைக்குப் போர்க்கால ரேஷன் இல்லை. ஆனால், 'பிடிக்கல, செய்ய நேரமில்ல' என்று பிரெட்டும் நூடுல்ஸுமாக ஓட்டுகிற கூட்டம் நிறைய இருக்கு. குளிர்கால ஐரோப்பாவில் வெயில் குறைவு, நம்ம நிறத்துத் தோலுக்கு வைட்டமின் டி தயாரிக்க இன்னும் அதிக வெயில் வேணும். இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் எல்லோருமே தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்வது நல்லது என்று பிரிட்டன் அரசே சொல்கிறது. சுத்த சைவக்காரர்கள் பி 12 பற்றியும் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கையில 992 யூரோ

ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்கள் விசாவுக்காக ஒரு வருஷச் செலவுப் பணத்தை முடக்கு கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். வாடகை, இன்சூரன்ஸ், போன் போக மிஞ்சுவதில்தான் சோறு. நிலத்தை அடமானம் வைத்தும் நகையை விற்றும் கட்டிய பணம் அது. முழு மாச மளிகையையும் இறக்குமதிச் சாமானாகவே வாங்கினால், மாசக் கடைசியில் பர்ஸ் பல்லிளிக்கும்.

அதனால அங்குள்ளவங்க எப்படி வாங்குறாங்கன்னு பாருங்க. ஐரோப்பாவில் விலை அட்டையில் பெரிய எழுத்தில் பாக்கெட் விலை இருக்கும். கீழே பொடி எழுத்தில் கிலோவுக்கு எவ்வளவு என்று இருக்கும். படிக்க வேண்டியது அந்தப் பொடி எழுத்தைத்தான். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட் லீவு. சனிக்கிழமை தூங்கிவிட்டால் ஞாயிறு விரதம். அங்கே பெரும்பாலான பிளாஸ்டிக் பாட்டில், டின்களுக்கு 25 சென்ட் டெபாசிட் உண்டு. காலி பாட்டிலைக் கடையில் இருக்கிற மெஷினில் போட்டால் பணம் திரும்ப வரும். தூக்கிப் போடாதீங்க, அது காசு!

யாரைக் கேட்பது?

ஐரோப்பாவில் நம்ம அண்ணாச்சிக்கு ரெண்டு சொந்தக்காரங்க இருக்காங்க. ஒருத்தர் துருக்கிக் கடைக்காரர். கத்தரிக்காய், வெண்டைக்காய், பச்சை மிளகாய், கட்டு கட்டாகக் கொத்தமல்லி, பருப்பு, வாளி வாளியாகத் தயிர் எல்லாம் அவரிடம் கிடைக்கும். இந்தியன் ஸ்டோர் என்று போர்டு போட்ட கடையைவிடப் பெரும்பாலும் மலிவு.

இன்னொருத்தர் ஈழத் தமிழர். 1983 கலவரத்துக்குப் பிறகு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த மக்கள், பாரிஸின் லா ஷப்பேல், லண்டனின் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், கனடாவின் ஸ்கார்பரோ என்று எத்தனையோ இடங்களில் தமிழ் போர்டு மாட்டிக் கடை வைத்தார்கள். இன்று நீங்க அங்கே போய்க் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்குவது அவங்க போட்ட பாதையில். மாசம் ஒரு தடவை போய்ப் புளி, உளுந்து, கறிவேப்பிலை மட்டும் வாங்கிக்கொண்டு மீதியை உள்ளூர்க் கடையில் பாருங்க. கறிவேப்பிலையை அலசித் துடைத்து ஃப்ரீசரில் போட்டால் பல வாரம் வரும். கல்லாவில் இருக்கிறவரிடம் 'அண்ணா, இந்த ஊர் அரிசியில எது நல்லாருக்கும்?' என்று கேளுங்க. உங்க கேள்விக்குப் பின்னாடி இருக்கிற பசி அவருக்குப் புரியும்.

அப்படியே ஒரு மருந்துக் கடைப் பக்கமோ இயற்கை உணவுக் கடைப் பக்கமோ போனால், 'மொரிங்கா' என்று பளபளா பாக்கெட்டில் பச்சைப் பொடி அடுக்கியிருக்கும். சூப்பர் ஃபுட்டாம்! விலையைப் பார்த்தால் மயக்கம் வரும். வேற ஒண்ணும் இல்லை, வடமதுரையில் பக்கத்து வீட்டுச் சுவர் மேல தொங்கிக்கிட்டு இருந்ததே, அதேதான்.

கிளம்புறதுக்கு ஒரு மாசம் முன்னாடி...

* வீட்டு மளிகை லிஸ்ட்டை நீங்களே எழுதி, நீங்களே கடைக்குப் போங்க. எதுக்கு எந்த அரிசி, ஏன் என்று கேட்டு வையுங்க.

* சோறு, பருப்பு, ரசம், ஒரு பொரியல், முட்டைக் குழம்பு. அஞ்சும் யாரையும் கேட்காமல் செய்ய வரணும்.

* போகிற நாட்டு பாஷையில் பால், மாவு, சர்க்கரை, உப்பு, பன்றிக்கறி, மாட்டுக்கறி, ஜெலட்டின் ஆகிய வார்த்தைகளை முதல்ல மனப்பாடம் பண்ணுங்க. நம்ம ஊர் பாக்கெட் மாதிரி கட்டாயப் பச்சைப் புள்ளி அங்கே கிடையாது. மிட்டாயிலும் சில தயிரிலும் ஜெலட்டின் இருக்கும்.

* வேர்க்கடலை, பால், கோதுமை போன்றவை ஒத்துக்காதவர்களுக்கு ஐரோப்பிய பாக்கெட்டில் ஒரு வசதி. ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருட்களின் பெயரைப் பட்டியலில் தடித்த எழுத்து மாதிரி ஏதோ ஒரு விதத்தில் தனியாகக் காட்டியிருப்பார்கள்.

* பெட்டியில் சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, இட்லிப் பொடி, வத்தல், பெருங்காயம், ஒரு சின்ன குக்கர். இது போதும். போகிற நாட்டின் சுங்க விதியை ஒரு தடவை படிச்சுட்டுக் கட்டுங்க.

கொஞ்ச மாசத்தில் ஒரு நாள், பார்பாய்ல்ட் அரிசிச் சோறு, மைசூர்ப் பருப்பு சாம்பார், துருக்கிக் கடை வெண்டைக்காய்ப் பொரியல், நீங்களே உறை ஊற்றின தயிர் என்று தட்டு நிறையும். அது வடமதுரைச் சாப்பாடும் இல்லை, பெர்லின் சாப்பாடும் இல்லை. உங்க சாப்பாடு. பக்கத்து ரூம் ஜெர்மன்காரன் எட்டிப் பார்த்தால் ஒரு தட்டு கொடுங்க. காரத்துக்கு நீங்க பொறுப்பு.

அதுக்கு முன்னாடி, இன்னைக்குச் சாயங்காலம் அம்மா கையில் இருக்கிற மளிகைப் பையை வாங்கிக்கிட்டு நீங்க கடைக்குக் கிளம்புங்க பாஸ்!